கருவி நமது கையில், நூல் யாருடைய கையில்?

அண்மையில் எங்கள் ஊரில் ஒரு கவிதைத் தொகுதியின் வெளியீட்டு விழா நடந்தது. விழா முடிந்து தேநீரும் வடையுமாக நின்றுகொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் தனது புதிய மின்வாசிப்புக் கருவியை எடுத்துக் காட்டினார். உடனே ஒரு சிறு கூட்டம் கூடிவிட்டது. "இதுக்குள்ள நாலாயிரம் புத்தகம் கிடக்கு" என்றார். "எத்தனை வாசிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "நம்மட எழுத்தாளர்கள்ட எத்தனை கிடக்கு?" என்றேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அன்று வெளியிடப்பட்ட தொகுதியைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் முப்பது பேரைத் தாண்டவில்லை என்பதையும் இங்கு பதிவு செய்துவிடுகிறேன்.

நண்பர் கோபிக்கக்கூடாது. அவருடைய குறை நம் எல்லோருடைய குறையும்தான். "எந்தக் கருவி வாங்கலாம் சேர்? கிண்டிலா, கோபோவா, பூக்ஸா?" என்று பலரும் கேட்கிறார்கள். இது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் வாசிக்க விரும்பும் தமிழ் நூல் எந்த வடிவத்தில் கிடக்கிறது என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை காணாமல் கருவி வாங்குகிறவர், காலை அளக்காமல் செருப்பு வாங்குகிறவருக்கு ஒப்பானவர்.

எனது அனுபவத்தையே சாட்சியாக வைக்கிறேன். கத்தாரில் தொழில் புரியும் மருமகன் விடுமுறையில் வந்தபோது ஆறு அங்குலத் திரை கொண்ட கருவியொன்றைக் கொண்டுவந்து தந்தான். "மாமா, இனி றாக்கையெல்லாம் தேவையில்ல" என்றான். நானும் நம்பினேன். முதலில், நூலகம் இணையத்தளத்திலிருந்து பழைய சஞ்சிகையொன்றின் பீடிஎப் கோப்பை இறக்கி ஏற்றினேன். எழுத்துகள் எறும்புச்சாரியாகத் தெரிந்தன. காரணம் எளியது. அந்தக் கோப்பில் இருப்பவை பக்கங்களின் படங்கள். 21 சென்ரிமீற்றர் அகலமான பக்கத்தை 9 சென்ரிமீற்றர் அகலத் திரைக்குள் அமுக்கினால் வேறென்ன நடக்கும்? பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமுமாக இழுக்க வேண்டியிருந்தது.

அடுத்து எனது சொந்தச் சிறுகதைகளை ஏற்றினேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். நமது நாட்டில் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்துவந்தோம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்திய எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் என் கதை வெறும் ஆங்கிலக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றும் வரை நான் தமிழில் எழுதியதாகவே கருவி ஒப்புக்கொள்ளாது. மூன்றாவதாக, நண்பர் ஒருவர் தனது கணக்கில் விலைக்கு வாங்கிய நாவலின் கோப்பைத் தந்தார். அது பூட்டிய கோப்பு, திறக்கவே இல்லை.

இந்த மூன்று தோல்விகளிலும் கருவியின் பிழை எதுவுமில்லை. நூல்கள் எங்கே, எவ்வாறு, யாருடைய பிடியில் இருக்கின்றன என்பதை நான் யோசிக்காததே பிழை.

எனவே கருவி வாங்க நினைப்போருக்கு மூன்று விடயங்களைச் சொல்வேன். முதலாவது, திரையின் அளவு. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2013 இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் ஆகியவற்றில் எழுத்துக் கோப்புகள் கிடைக்கின்றன. ஈபப் என்ற வடிவில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்து திரைக்குள் அமர்ந்துகொள்ளும். அவற்றை வாசிக்க ஆறு அங்குலம் தாராளம். ஈழத்துச் சஞ்சிகைகளின் வருடல் பிரதிகள்தான் உங்கள் தேவையெனில் பத்து அங்குலத்துக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். அதற்கு வசதியில்லையா? வீட்டில் கிடக்கும் டப்லெட்டே போதும்.

இரண்டாவது, எழுத்து. வாங்குமுன், அதே கருவியை வைத்திருக்கும் ஒருவரிடம் உங்கள் கோப்பொன்றைக் கொடுத்துத் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா? ஹ, ஜ, ஷ ஒழுங்காக வருகின்றனவா? நம்மவர் நூல்களில் இடையிடையே அறபு வாசகங்கள் வரும். அவை வலமிருந்து இடமாக, எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றனவா? விளம்பரங்களில் இதற்கு விடை இருக்காது.

மூன்றாவது, சுதந்திரம். கடையொன்றின் கணக்கில்லாமல், கேபிளைச் செருகி நமது கோப்பை நாமே ஏற்றித் திறக்க முடிகிறதா? கோபோ ஈபப் கோப்பை நேரடியாகத் திறக்கும். கிண்டிலுக்கு 2022 முதல் அதன் அனுப்பும் சேவை வழியாக ஈபப்பை அனுப்பலாம். கேபிள் வழியாக ஏற்றுவதென்றால் முதலில் வேறு வடிவுக்கு மாற்ற வேண்டும்.

'கடதாசியின் வாசம் இதில் வருமா?' என்று மூத்த எழுத்தாளர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அந்த வாசத்தை நானும் அறிவேன். கறையான் அதைவிட நன்றாக அறியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் தமது றாக்கைகளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. 2004 டிசம்பர் 26 இல் வந்த கடல், கிழக்குக் கரையில் எவருடைய நூல் என்று பார்த்து அள்ளவில்லை. ஐந்நூறு பிரதி அச்சிட்டு, அதிலும் பாதியை அன்பளிப்பாகக் கொடுத்து முடிக்கும் சமூகம் நாம். அந்த ஐந்நூறும் போனால் நூலே போனது.

இனி இலவசம் பற்றி. நண்பரின் நாலாயிரத்தில் பெரும்பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் உலாவும் களவுப் பிரதிகள். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் சென்ற வருட நாவலைப் படம்பிடித்து 'பகிருங்கள்' என்று அனுப்புகிறோம். மேடையேறினால் 'வாசகர் ஆதரவு இல்லை' என்று கண்ணீர் விடுகிறோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இந்நாட்டில் ஒரு நூலின் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. 1898 இல் மறைந்த சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' எல்லோருக்கும் சொந்தம். யாரும் தட்டச்சு செய்யலாம், பகிரலாம். நமக்குச் சற்று முன் எழுதி மறைந்தவர்களின் நூல்களுக்கு அவர்களுடைய பிள்ளைகளின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டுப் பெறுவது ஒரு பின்னேரத்து வேலை. அதைச் செய்யச் சோம்பிக் களவெடுக்கிறோம்.

நேர்மையாகப் பெற்ற இலவச நூலும் பராமரிப்பைக் கேட்கும். தரவிறக்கிய கோப்புகள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு ஒரே கோப்புறையில் குவிந்து கிடந்தால் அது குப்பைமேடு. நான் பின்பற்றும் முறை இது: ஆசிரியர், நூல், முதற்பதிப்பு ஆண்டு என்ற ஒழுங்கில் கோப்புக்குப் பெயரிடுகிறேன். கோவிட் கோயல் 2006 இல் தொடங்கிய கலிபர் என்ற இலவச மென்பொருளில் பதிகிறேன். அது ஒரு நல்ல நூலகரைப்போல அட்டவணைப்படுத்தும். ஈபப்பைக் கிண்டிலுக்கு ஏற்றவாறு மாற்றியும் தரும். தாய்க்கோப்பு கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று. கருவியில் ஒரே நேரத்தில் இருபது நூல்களுக்கு மேல் வைப்பதில்லை. வாசித்து முடித்ததை இறக்கிவிட்டுத்தான் அடுத்ததை ஏற்றுகிறேன்.

'கடைக்காரரின் மேகத்தில் பத்திரமாகத்தானே இருக்கிறது' என்போருக்கு இரண்டு செய்திகள். 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கலொன்றைக் காரணங்காட்டி, காசு கொடுத்து வாங்கியோரின் கிண்டில்களிலிருந்தே ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலைத் தொலைவிலிருந்து அழித்தது. 2025 பெப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக மாற்றும் வசதியையும் அதே நிறுவனம் நிறுத்தியது. பிறருடைய றாக்கையில் இருப்பதை நமது நூல் என்று எப்படிச் சொல்வது?

கடைசிக் குற்றச்சாட்டை எழுத்தாளர்களாகிய நம்மீதே வைக்கிறேன். எனது முதலாவது சிறுகதைத் தொகுதியின் பேஜ்மேக்கர் கோப்பை அச்சகத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். பல வருடங்களின் பின் போய்க் கேட்டபோது, "அந்தக் கம்பியூட்டர் பழுதாகி எறிஞ்சாச்சு" என்றார்கள். அவர்களில் பிழையில்லை, கேட்டு வாங்காதது என் பிழை. வீட்டில் மிஞ்சியிருந்த ஒரேயொரு பிரதியில் கறையான் நான்கு பக்கங்களைத் தின்றிருந்தது. மீதியை மகள் இரண்டு மாதம் உட்கார்ந்து யூனிகோடில் தட்டினாள். அந்த நான்கு பக்கங்களுக்காக ஊர் ஊராகப் பிரதி தேடி, கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் கண்டெடுத்தேன். நானே அன்பளிப்பாகக் கொடுத்த பிரதி அது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் யாரென்று எனக்கே தெரியாது.

ஆகவே நூல் வெளியிடப்போகும் நண்பர்களே, அச்சகத்துக்கு இறுதித் தவணையைக் கட்டும் நாளில் பென் டிரைவ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பீடிஎப்போடு திறந்து திருத்தக்கூடிய மூலக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பாமினியில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். விற்று முடிந்த பழைய நூல்களை உங்கள் பெயரும் அனுமதியும் பொறித்து இலவச மின்னூலாக விடுங்கள். விற்காமல் பரணில் கிடக்கும் நூலால் உங்களுக்கு ஒரு சதமும் வரப்போவதில்லை.

எனது தொகுதியின் ஈபப் கோப்பு இப்போது தயார். விழாவில் சந்தித்த நண்பருக்கு அதைத்தான் முதலில் அனுப்பினேன். நாலாயிரத்து ஒன்றாவது நூலாக அதைச் சேர்த்துவைக்க வேண்டாம், நாலாயிரத்தையும் இறக்கிவிட்டு இதை ஏற்றுங்கள் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். மூன்று நாள் கழித்து அழைத்தார். ஆறாவது கதையில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருக்கின்றனவாம். திருத்திவிட்டேன்.