கண்டுபிடித்தாரா, வந்தடைந்தாரா?

சித்திரபுரத்தைச் சூழ்ந்த இடுக்கி மலைச்சரிவுகளில் தேயிலையோடு ஏலமும் மிளகும் விளைகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகை நாடித்தான் 1498 மே மாதம் போர்த்துக்கீசியக் கப்பல்கள் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தன. மிளகு விளையும் அதே மண்ணில் தமிழ் பயிலும் மாணவரிடம் "வாஸ்கோ டா காமா இந்தியாவை..." என்று தொடங்கி நிறுத்தினால், "கண்டுபிடித்தார்" என்றே தயக்கமின்றி முடிப்பார். அது பழக்கம் தந்த சொல். சூழல் தந்த சொல் அன்று.

'கண்டுபிடி' என்னும் வினை தமிழில் இரு பொருளில் வழங்குகிறது. இல்லாத கருவியொன்றை உருவாக்குவதும் கண்டுபிடிப்பு. இருந்தும் அறியப்படாத ஒன்றை வெளிக்கொணர்வதும் கண்டுபிடிப்பு. முதற்பொருள் இங்குப் பொருந்தாது. இரண்டாவது பொருந்த வேண்டுமாயின், யாருக்கு அறியப்படாதது என்னும் வினாவுக்கு விடை வேண்டும். அவ்விடையைக் கூறாமலேயே தொடரை முடித்துவிட இவ்வினை இடம்கொடுக்கிறது. சிக்கல் அங்குதான் இருக்கிறது.

அப்பயணத்தின் நிகழ்வுகள் விடையைத் தருகின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில், இந்தியக் கரைக்கு வழியறிந்த மாலுமி ஒருவரைக் காமா உடன் அழைத்துக்கொண்டார். அவர் வழிகாட்ட, ஏறத்தாழ 23 நாள்களில் மலபார்க் கரை கண்ணுக்குத் தெரிந்தது. கோழிக்கோட்டில் கரையிறங்கிய முதல் ஆளை எதிர்கொண்டவர்கள், ஐரோப்பிய மொழிகளைப் பேசத் தெரிந்த தூனிசு நாட்டவர் இருவர். திரும்பும்போதோ பருவக்காற்றின் போக்கை மதியாமல் புறப்பட்டதால், அதே கடலைக் கடக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆயின. ஸ்கர்வி நோயால் பலர் மாண்டனர். அக்கடலை முன்னரே அறிந்தவர்கள் யார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

"இந்தியாவை அன்று, இந்தியாவுக்குக் கடல்வழியைக் கண்டுபிடித்தார் என்கிறோம்" எனச் சிலர் திருத்துவர். இத்திருத்தம் பாதி சரி. 1488இல் பார்த்தலோமியோ டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்று திரும்பியிருந்தார். மாலிந்தியிலிருந்து மலபாருக்கான வழியோ அரபியரும் குஜராத்தியரும் நெடுங்காலமாகப் பயன்படுத்தியது. காமா செய்தது இவ்விரு கடல்வெளிகளையும் ஒரே பயணத்தில் இணைத்தது. அது அருஞ்செயலே. அதற்குரிய வினை 'இணைத்தார்'. இந்தியாவுக்குரிய வினை 'வந்தடைந்தார்'. 'கண்டுபிடித்தார்' என்றே எழுத வேண்டுமாயின், 'ஐரோப்பியருக்கு' என்னும் நான்காம் வேற்றுமைச் சொல்லையாவது முன்னே சேர்த்தல் வேண்டும்.

பொருத்தமான சொல்லைத் தேர்க என்னும் வினாவை ஒற்றைத் தொடரோடு கொடுத்தால் மாணவர் நினைவிலிருந்தே எடுத்து எழுதுவர். மாலிந்தி மாலுமியும் பருவக்காற்றும் இடம்பெறும் முழுப் பத்தியைக் கொடுத்து, தேர்ந்த சொல்லுக்குக் காரணமும் கேட்கட்டும். அப்போது மொழிப்பாடமே வரலாற்றுப் பிழையைத் திருத்தும்.