பின்னால் வருபவருக்கான விளக்கு

ஹெட்லைட் எரியவில்லை என்றால் இருட்டிய உடனே தெரிந்துவிடும். ஹாரன் மக்கர் பண்ணினால் அன்றைக்கே மெக்கானிக் கடையில் போய் நிற்போம் (ஹாரன் இல்லாமல் நம் ஊரில் வண்டி ஓட்டவா முடியும்?). ஆனால் பிரேக் லைட் செத்துப்போய் மூன்று மாதமானாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதைப் பார்ப்பவர் பின்னால் வருபவர்தான்.

தன் கண்ணுக்குத் தெரியாததை யார் தானாகக் கவனிக்கப் போகிறார்கள்? அதனால் சட்டம்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102-வது விதி இதைச் சொல்கிறது. வண்டி நிற்கப்போவதைப் பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு காட்ட வேண்டும். பிரேக் போட்டதும் அது எரிய வேண்டும். அழகுக்காக அதன் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் தம்பிகள் அந்த ‘சிவப்பு’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

கார்களில் பின்கண்ணாடியை ஒட்டி நடுவில் மூன்றாவதாக ஒரு பிரேக் லைட் இருக்கிறதே, அது வந்த கதை சுவாரஸ்யமானது. ஜான் வோயவோட்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர், சான்ஃபிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளின் பின்னால், நடுவில், கூடுதலாக ஒரு எச்சரிக்கை விளக்கைப் பொருத்திப் பார்த்தார். 1974-ல் முடிவு வெளியானது. பின்னால் இருந்து இடிக்கும் விபத்துகள் சுமார் 60 சதவிகிதம் குறைந்திருந்தன! பிறகு அரசாங்கமும் சோதித்துப் பார்த்தது. 1985 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் உயரத்தில் ஒரு மூன்றாவது பிரேக் லைட் கட்டாயமானது.

எல்லாக் காரிலும் வந்த பிறகு என்ன ஆயிற்று? 1998-ல் அதே அரசு கணக்கெடுத்தபோது, பலன் 4.3 சதவிகிதம்தான். புதுசாக இருந்தவரை கண்ணை இழுத்த விளக்கு, பழகியதும் தெருவிளக்கு மாதிரி ஆகிவிட்டது. அதற்காகச் சட்டம் தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாட்டின் மொத்த வண்டிகளுக்கும் கணக்குப் போட்டால் 4.3 என்பது பெரிய எண். செலவோ ஒரு சின்ன விளக்கு. தவிர, கீழே இருக்கும் இரண்டும் இரவில் எப்போதும் மங்கலாக எரிபவை. மேலே இருப்பது பிரேக் போட்டால் மட்டுமே எரியும். முன்னால் போகும் காரின் கண்ணாடி வழியே, அதற்கும் முந்தைய காரின் விளக்குகூட நமக்குத் தெரிந்துவிடும்.

இதில் நேரம்தான் விஷயம். இழை பல்பைவிட எல்.இ.டி. சுமார் 0.2 விநாடி முன்னதாக முழு வெளிச்சத்துக்கு வந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற வண்டி அந்த நேரத்தில் மூன்று மீட்டருக்கு மேல் ஓடிவிடும். விளக்கே எரியாவிட்டால் எத்தனை மீட்டர் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டூவீலரில் அந்த இடி முதலில் விழுவது பின்சீட்டில் இருக்கும் குழந்தை மேலோ, அம்மா மேலோதான்.

பழைய மாடல் பைக், ஸ்கூட்டர் பலவற்றில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று டெயில் லைட்டுக்கு, ஒன்று பிரேக்குக்கு. பிரேக் இழை அறுந்தாலும் டெயில் லைட் பளிச்சென்று எரியும். ‘எரியுதே’ என்று நாமும் கிளம்பிவிடுவோம்.

இன்று ராத்திரி வண்டியின் பின்பக்கத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, பிரேக்கைப் பிடியுங்கள். சுவர் சட்டென்று கூடுதலாகச் சிவக்க வேண்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டுக்கும் சுவிட்ச் வேறு வேறு. பிரேக்கை விட்ட பிறகும் எரிந்துகொண்டே இருந்தால், சுவிட்ச் சிக்கியிருக்கிறது. அதுவும் ஆபத்துதான்.

அப்புறம், “அண்ணே, சைடு ஸ்டாண்டு!” என்று முகம் தெரியாதவரைத் துரத்திப் போய்ச் சொல்கிற ஊர் நம்முடையது. “அக்கா, துப்பட்டா!” என்றும் சொல்வோம். அடுத்த சிக்னலில், “சார், பிரேக் லைட் எரியலை” என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாமே.