புனே தொலைத்த சீசன்கள்

2015-ஆம் ஆண்டின் முதல் பாதியில் ஐ-லீக் புள்ளிப்பட்டியலில் புனே நகரத்துக்கு இரண்டு அணிகள் இருந்தன: புனே எஃப்சி, பாரத் எஃப்சி. இரண்டுக்கும் சொந்த மைதானம் பாலேவாடிதான். அதே மைதானத்தில் சில மாதங்களுக்கு முன்பு எஃப்சி புனே சிட்டி தன் முதல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனை ஆடி முடித்திருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் டிஎஸ்கே சிவாஜியன்ஸ் என்ற நான்காவது அணியும் ஐ-லீக்குக்குள் நுழைவதற்கு வழி பிறந்துவிட்டது. இந்தியாவில் கொல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் வெளியே இப்படியொரு செழிப்பு அபூர்வம். 2019 ஆகஸ்ட் வந்தபோது, தேசிய லீக்கில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

ஒப்பீட்டுக்கு ஸ்காட்லாந்தைப் பார்ப்போம்: அங்கே எந்தச் சிறிய ஊரின் கிளப்பை எடுத்தாலும் அதன் வரலாறு சீசன் வாரியாகக் கிடைக்கும். எந்த ஆண்டு எந்தப் பிரிவில் ஆடியது, எத்தனையாவது இடம், கோப்பையில் எந்தச் சுற்றில் வெளியேறியது என்று வரி வரியாக எழுதிவைத்திருப்பார்கள். 1867-இல் தொடங்கிய குயின்ஸ் பார்க் கிளப்பின் பட்டியலில் பெருமையான ஆண்டுகளும் உண்டு, கடைசிப் பிரிவில் தள்ளாடிய ஆண்டுகளும் உண்டு. தாத்தா பார்த்த சீசனும் பேரன் பார்க்கும் சீசனும் ஒரே பட்டியலில் வருவதால்தான் அங்கே தோற்கும் அணிக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். புனேவில் அந்தப் பட்டியல் ஒவ்வொரு முறையும் சில வரிகளிலேயே அறுந்துபோனது. இங்கே கால்பந்துக்கு ரசிகர்கள் இல்லை என்பது எல்லோரும் சொல்லும் காரணம். அதைவிடப் பெரிய காரணம் லீக்கின் விதிகளில் இருக்கிறது. கிளப்பின் பெயர், நிறம், வரலாறு, இளையோர் பயிற்சி எல்லாமே உரிமையாளர் ஒருவரின் கையில் இருந்தன. அவர் கிளம்பியபோது எல்லாம் அவரோடு கிளம்பின.

நான்கு கிளப்களில் ஆழமாக வேர்விட்டது புனே எஃப்சி. 2007-இல் அசோக் பிரமல் குழுமம் அதைத் தொடங்கியது. குறுக்குவழி எதையும் தேடாமல் ஐ-லீக்கின் இரண்டாம் பிரிவில் ஆடி, 2009-இல் தகுதி பெற்று மேலே ஏறிய அணி அது. டெரிக் பெரைரா பயிற்சியாளராக இருந்த முதல் சீசனிலேயே, 2009-10-இல், டெம்போவுக்கும் சர்ச்சில் பிரதர்ஸுக்கும் அடுத்து மூன்றாம் இடம். 2012-13-இல் இரண்டாம் இடம். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் மட்டுமே அதற்கு மேலே இருந்தது; ஈஸ்ட் பெங்கால் அதற்குக் கீழே. அந்த இரண்டாம் இடம்தான் 2014-இல் ஆசியக் கூட்டமைப்பின் ஏஎஃப்சி கோப்பைக்கு அதை அழைத்துப்போனது. தொடங்கி ஏழே ஆண்டுகளில் பாலேவாடியில் ஆசியப் போட்டி நடந்தது.

அந்த அணியில் ஆடிய அராட்டா இசுமியின் கதை ஒன்றே போதும், அந்தக் கிளப் என்னவாக இருந்தது என்று சொல்ல. ஜப்பானில் பிறந்தவர், தந்தை இந்தியர். புனேவில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் ஜப்பானியக் குடியுரிமையை விட்டுவிட்டு 2012-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். அடுத்த ஆண்டே இந்திய அணியின் சட்டை அணிந்தார். பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒரு ஆட்டக்காரர் இந்த மண்ணை நம்பினார். அவரை அந்த முடிவு வரை கொண்டுவந்த கிளப் மூன்றே ஆண்டுகளில் மூடப்பட்டது. 2014-15 சீசன் முடிந்ததும் உரிமையாளர்கள் விலக, முதன்மை அணி கலைந்தது. அதன் பயிற்சிக்கூடத்தை மட்டும் பின்னர் எஃப்சி புனே சிட்டி ஏற்றுக்கொண்டது. மலப்புரத்திலிருந்து வந்து இந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த ஆஷிக் குருணியன், பிறகு இந்திய அணி வரை போனார். நல்ல விதை போட்ட நிலம்தான் அது.

அடுத்த இரண்டு கிளப்களின் கதை, லீக்கை நடத்தியவர்களின் கணக்கு எவ்வளவு கோணலானது என்பதைக் காட்டும். 2014-இன் இறுதியில் கல்யாணி குழுமம் பாரத் எஃப்சியைத் தொடங்கியது. இரண்டாம் பிரிவில் ஆடித் தகுதி பெற வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. நிறுவனங்களுக்கான நேரடி அனுமதியில் உள்ளே வந்தது. முதல் சீசனில் பதினோரு அணிகளில் கடைசி இடம். நேரடி அனுமதி பெற்ற அணிக்குப் பதவியிறக்கம் கிடையாது என்ற சலுகையால் அது தப்பியது. அதற்கு மேலே பத்தாவதாக வந்த டெம்போ, ஐந்து முறை தேசிய சாம்பியன், இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. இப்படிக் காப்பாற்றப்பட்ட பாரத் எஃப்சி அடுத்த சீசன் ஆடவே இல்லை. ஒரே சீசனோடு கடையை மூடியது.

2015-16-இல் அதே தவறு மீண்டும் நடந்தது. நேரடி அனுமதியில் வந்த டிஎஸ்கே சிவாஜியன்ஸ் ஒன்பது அணிகளில் கடைசி. பதவியிறக்கப்பட்டதோ எட்டாவதாக வந்த மிசோரமின் ஐஸ்வால் எஃப்சி. கோவா அணிகள் விலகியதால் ஐஸ்வாலுக்கு மறுபடி இடம் கிடைத்தது. 2016-17-இல் அதே ஐஸ்வால் ஐ-லீக் சாம்பியன் ஆனது. லீக் நிர்வாகம் தள்ளிவிட்ட அணி கோப்பையைத் தூக்கிய அந்த சீசனோடு, நிர்வாகம் காப்பாற்றிய டிஎஸ்கே சிவாஜியன்ஸ் தேசிய லீக்கிலிருந்து மறைந்தது. லிவர்பூல் கிளப்பின் பெயரோடு புனே அருகே அது நடத்திய பயிற்சிக்கூடம் ஒரு காலத்தில் நாடு முழுவதும் பேசப்பட்டது. சென்னையின் எஃப்சியின் இடது தடுப்பாட்டக்காரராகத் தமிழ் ரசிகர்கள் அறிந்த ஜெர்ரி லால்ரின்சுவாலா டிஎஸ்கேயிலிருந்துதான் 2016-இல் சென்னைக்கு வந்தார்.

மிஞ்சியது எஃப்சி புனே சிட்டி. அதற்கு வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. வாதவான் குழுமத்தின் பணம், ஹிருத்திக் ரோஷனின் பங்கு, இத்தாலியின் ஃபியோரென்டினாவின் கூட்டு, 1998 உலகக்கோப்பை வென்ற பிரான்ஸ் அணியின் டேவிட் ட்ரெஸகே. இவ்வளவு இருந்தும் 2014-இல் ஆறாம் இடம், 2015-இல் ஏழு, 2016-இல் மறுபடி ஆறு. கொலம்பா, பிளாட், ஹபாஸ் என்று ஒவ்வொரு சீசனும் ஒரு புதிய பயிற்சியாளர். 2017-18-இல் ராங்கோ போபோவிச்சின் கீழ் மார்செலின்யோவும் எமிலியானோ அல்ஃபாரோவும் சேர்ந்து ஆடியபோதுதான் முதல்முறையாக நான்காம் இடமும் அரையிறுதியும் வந்தன. பாலேவாடியில் நடந்த அரையிறுதியின் முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. பெங்களூரில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார்; ஜொனாதன் லூக்காவின் ஒரு கோலோடு புனே வெளியேறியது.

ஒரு கிளப் முதல்முறை அரையிறுதியில் தோற்பது அதன் ரசிகர்களுக்குக் கிடைக்கும் நல்ல முதலீடு. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. புனே ரசிகர்களுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சீசன், ஏழாம் இடத்தோடு. 2019 ஆகஸ்டில் லீக்கில் புனேவின் இடம் ஹைதராபாத் எஃப்சிக்குப் போனது. பயிற்சியாளர் பில் பிரவுனும் மார்செலின்யோ உள்ளிட்ட பல ஆட்டக்காரர்களும் அங்கே போனார்கள். அதே மாதம் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வருக்கு இடம்பெயர்ந்து ஒடிசா எஃப்சி ஆனது. ஹைதராபாத் 2021-22-இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. சில ஆண்டுகளில் அதுவும் பண நெருக்கடியில் சிக்கி, 2025-இல் டெல்லிக்குப் போய் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று பெயர் மாறியது. கோப்பை வென்றுவிட்டால் கிளப் நிலைத்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

புனே கால்பந்து ஊர் இல்லை என்பவர்கள் வானவடிப் பக்கம் வந்து பார்க்கலாம். ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி, மாநில ரிசர்வ் போலீஸ் படையின் மைதானம், ஆங்கிலேயர் காலப் பாசறைகள் இருந்த நிலம் என்று படைவீரர்களோடு வளர்ந்த பகுதி இது. இந்தியாவுக்குக் கால்பந்து இப்படிப்பட்ட பாசறைகள் வழியாகத்தான் வந்தது. அதில் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளின் பங்கு பெரிது. 1888-இல் தொடங்கிய டியூரண்ட் கோப்பையின் முதல் இறுதியாட்டத்தில் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ், ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியை வென்றது. 1895 வரை கோப்பை ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளைத் தாண்டிப் போகவில்லை. 1955-இல் அதே கோப்பையை நீலகிரி வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் கைப்பற்றியது. ராணுவப் பணிக்கு வந்து புனேவின் தென்கிழக்கில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஆட்டம் டிவியில் வந்த புதுப்பழக்கம் அல்ல.

வானவடியிலிருந்து பாலேவாடிக்குப் போக நகரத்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கடக்க வேண்டும். 1994 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக ஊரின் வடமேற்கு ஓரத்தில் கட்டிய வளாகம் அது. வேலை முடித்து, வாகன நெரிசலைத் தாண்டி, இரவு ஆட்டத்துக்குப் போய்த் திரும்ப ஒரு குடும்பத்துக்குப் பாதி நாள் ஆகும். ஒருமுறை வேடிக்கைக்காகப் போகலாம். ஆண்டுதோறும் போவதற்கு, அந்த அணி அடுத்த ஆண்டும் இருக்கும் என்ற உறுதி வேண்டும்.

ஸ்காட்லாந்திலும் கிளப்கள் செத்திருக்கின்றன. கிளாஸ்கோவின் தேர்ட் லானார்க், தன்னார்வத் துப்பாக்கிப் படை ஒன்றிலிருந்து 1872-இல் பிறந்த கிளப். 1904-இல் லீக் சாம்பியன். 1960-61-இல் ஒரே சீசனில் 100 கோல் அடித்து மூன்றாம் இடம் பிடித்தது. 1967-இல் மூடப்பட்டது. கிரெட்னாவின் கதை புனேவுக்கு இன்னும் நெருக்கமானது. சுமார் மூவாயிரம் பேர் வாழும் எல்லையோர ஊர் அது. புரூக்ஸ் மைல்சன் என்ற செல்வந்தரின் பணத்தில் 2005, 2006, 2007 என்று அடுத்தடுத்து மூன்று பிரிவு உயர்வுகள். 2006-இல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டம். உச்சப் பிரிவுக்கு ஏறியபோது சொந்த மைதானம் தகுதி பெறாததால் மதர்வெல்லில் போய் ஆடியது. மைல்சன் நோயுற்றுப் பணம் நின்றதும் 2008-இல் எல்லாம் சரிந்தது.

சரிந்த பிறகு நடந்ததில்தான் புனேவுக்கான பாடம் இருக்கிறது. கிரெட்னா ரசிகர்கள் அதே ஆண்டில் கிரெட்னா 2008 என்ற கிளப்பைத் தொடங்கி, கீழ்மட்ட லீக்கில் ஆடத் தொடங்கினார்கள். 2012-இல் ரேஞ்சர்ஸ் கிளப்பை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டபோது, அணி நான்காம் பிரிவிலிருந்து ஏறிவர வேண்டியிருந்தது. அங்கும் அதன் சொந்த மைதானமான ஐப்ராக்ஸ் நிரம்பியது. 2016-இல் உச்சப் பிரிவுக்குத் திரும்பியது. 2013-இல் திவால் வாசலில் நின்ற எடின்பரோவின் ஹார்ட்ஸ் கிளப்பை ரசிகர்கள் மாதாமாதம் சிறு தொகை கட்டிக் காத்தார்கள். 2021-இல் பெரும்பான்மைப் பங்கு அவர்களின் அறக்கட்டளைக்கே வந்து சேர்ந்தது. கீழே போய்த் தொடங்க அங்கே ஏணி இருக்கிறது. புனே எஃப்சியின் ரசிகர்கள் ஒன்றுகூடியிருந்தாலும் எந்தப் பெயரில், எந்தச் சின்னத்தோடு, எந்தப் படியில் கால் வைப்பது என்பதற்கு இங்கே அப்போது தெளிவான வழி இல்லை.

உரிமையாளர்கள் கோடிக்கணக்கில் நஷ்டப்பட்டார்கள், இன்னும் எத்தனை ஆண்டுகள் தாங்குவார்கள் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிரமல் குழுமம் எட்டு ஆண்டுகள் செலவழித்து வீரர்களை உருவாக்கியது. அதைக் குறை சொல்வது நன்றியாகாது. எந்த உரிமையாளருக்கும் விலகும் உரிமை உண்டு. அவர் விலகும் நாளுக்கு ஏற்பாடு செய்துவைப்பது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வேலை. அந்த வேலை நடக்கவில்லை. தமிழ்நாட்டிலும் இதைப் பார்த்தாயிற்று. கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் ஆடி 2018-19-இல் ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி எஃப்சி, சில ஆண்டுகளுக்குள் தேசிய லீக்கிலிருந்தே காணாமல் போனது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. உரிமம் வாங்கும்போதே உரிமையாளர் ஒரு பிணைத்தொகை கட்ட வேண்டும். அவர் விலகினால், பயிற்சிக்கூடத்தில் இருக்கும் சிறுவர்கள் இன்னும் இரண்டு சீசன்களாவது அங்கேயே ஆட அந்தப் பணம் உதவ வேண்டும். கிளப்பின் பெயரும் சின்னமும் நிறமும் ரசிகர்களின் பதிவுபெற்ற சங்கத்திடம் இருக்க வேண்டும்; ஆடும் காலம் வரை நிறுவனம் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நிறுவனம் போனாலும் அந்தச் சங்கத்தின் அணி மாவட்ட லீக்கில் இறங்கி, மேலே ஏறிவர வழி திறந்திருக்க வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு சீசனின் முழுப் பதிவையும் — ஆட்டங்கள், கோல்கள், இளையோர் அணிகளின் பட்டியல் உட்பட — அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் பொறுப்பில் காக்க வேண்டும். பாரத் எஃப்சியின் ஒற்றை சீசனும் அதில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும்.

கூட்டமைப்பு அசையும் வரை மகாராஷ்டிரா காத்திருக்கத் தேவையில்லை. பாலேவாடி வளாகம் மாநில அரசுக்குச் சொந்தம். புனேவின் பெயரில் இன்னொரு நிறுவனம் அணி தொடங்க வரும். வீடு கட்டி விற்பவரோ மென்பொருள் விற்பவரோ, யாராக இருந்தாலும் ஆட மைதானம் வேண்டும். பிணைத்தொகையையும் ரசிகர் சங்கத்தின் பெயர் உரிமையையும் மைதான வாடகை ஒப்பந்தத்தின் முதல் இரண்டு நிபந்தனைகளாக அரசு அப்போதே எழுதிவிடலாம். ஏற்காதவருக்கு மைதானத்தைத் தர மறுக்கலாம்.