யாருடைய ஊழியர் இந்த உதவியாளர்?

2025 ஆகஸ்ட் 7 அன்று ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-5 என்னும் புதிய மாதிரியை வெளியிட்டபோது, அதனுடன் நான்கு ‘ஆளுமை’களையும் கடைவிரித்தது. ஏளனமாகப் பேசுபவர், உணர்ச்சி காட்டாத எந்திரம், பொறுமையாகச் செவிமடுப்பவர், அறிவுப் பித்தர் என நான்கு குணங்கள். பயனாளர் தமக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அதே வேளையில் பழைய மாதிரியான ஜிபிடி-4ஓ சாட்ஜிபிடியிலிருந்து அகற்றப்பட்டது. அதன் பேச்சுக்குப் பழகிப் போயிருந்த ஏராளமானோர், நெருங்கிய ஒருவரை இழந்துவிட்டதுபோல் முறையிட்டனர். சில நாட்களுக்குள் நிறுவனம் அதை மீண்டும் கொண்டுவந்தது. ஆனால் மாதக் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும்.

இது திட்டமிட்டுச் செய்யப்பட்டதா என்ற ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு குணம், ஒரு பேச்சுத் தொனி, ஒரு பரிவு ஆகியவை ஒரு நிறுவனத்தின் சொத்தாகவும், அது விரும்பும்போது தரவும் நிறுத்தவும் கூடிய சரக்காகவும் ஆகிவிட்டன என்பதே இங்கு முக்கியம். மனிதர்களுக்கு இடையிலான உறவு, பொருட்களுக்கு இடையிலான உறவாகத் தோற்றம் கொள்வதைச் சரக்கின் மாயத்தன்மை என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விளக்கினார். இன்று அந்த மாயை இன்னொரு சுற்று சுற்றியிருக்கிறது. ஒரு நிறுவனத்துடனான உறவு, ஒரு மனிதருடனான உறவுபோல் தோன்றுகிறது.

செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்குப் பாத்திரமும் ஆளுமையும் வடிவமைப்பது இப்போது தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. ஆசிரியர், கணக்கர், மருத்துவ ஆலோசகர், காதலி, குரு என்று எந்த வேடத்தையும் எந்திரத்துக்குப் பூட்ட முடிகிறது. இந்த வேடம் எப்படித் தயாராகிறது என்பதில் மந்திரம் ஏதுமில்லை. மனிதகுலம் எழுதிக் குவித்தவற்றிலிருந்து மொழியின் போக்கை மாதிரி கற்கிறது; இது முதல் அடுக்கு. எந்தப் பதில் நல்லது, எது தகாதது என்று கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் தரம் பிரித்துத் தருவது இரண்டாவது அடுக்கு. சாட்ஜிபிடி அருவருப்பானவற்றைப் பேசாதிருக்க வேண்டி, கென்யாவில் மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலியில் தொழிலாளர்கள் வன்முறையும் வக்கிரமும் நிறைந்த பகுதிகளைப் படித்துக் குறியிட்டதை ‘டைம்’ இதழ் 2023 ஜனவரியில் வெளிக்கொணர்ந்தது. எந்திரத்தின் ‘நற்குணம்’ அவர்கள் சிந்திய உழைப்பு. மூன்றாவது அடுக்கு, ஒவ்வொரு உரையாடலுக்கும் முன்பாக நிறுவனம் எழுதிவைக்கும் கட்டளைக் குறிப்பு. ‘நீ இன்னார், இப்படிப் பேசு, இதைச் சொல்லாதே’ என்னும் அந்தக் குறிப்பு பெரும்பாலும் பயனாளரின் கண்ணில் படுவதில்லை.

இத்தகைய எந்திரங்களின் மூதாதை 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய ‘எலைசா’. உளச் சிகிச்சையாளர் வேடத்தில், எதிரில் இருப்பவர் சொன்னதையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பித் தரும் எளிய நிரல் அது. அது உருவானதைப் பல மாதங்கள் உடனிருந்து பார்த்த வைசன்பாமின் செயலரே, அதனுடன் சிறிது நேரம் உரையாடியபின், தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையை விட்டு வெளியேறச் சொன்னார். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறு வயதில் குடும்பத்துடன் தப்பிவந்த வைசன்பாமை அந்நிகழ்ச்சி உலுக்கியது. தமது துறையையே கேள்விக்குள்ளாக்கி 1976இல் அவர் ஒரு நூல் எழுதினார்.

எலைசா என்ற பெயர் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடக நாயகியிடமிருந்து வந்தது. லண்டன் தெருவில் பூ விற்கும் ஏழைப் பெண்ணுக்கு மேட்டுக்குடி உச்சரிப்பைக் கற்பித்து, அவளைச் சீமாட்டியாக நடமாட விடுகிறார் ஒரு பேராசிரியர். பேச்சு என்பது வர்க்கத்தின் உடை என்பதை சோசலிஸ்டான ஷா அறிந்திருந்தார். அந்த நாடகம் இந்திய மண்ணில் வேறு விதமாக அரங்கேறியது. 1990களின் இறுதி முதல் குருகிராம், நொய்டா, பெங்களூரு கால் சென்டர்களில் லட்சக்கணக்கான இளைஞர்கள் வேலைக்குச் சேர்ந்தனர். அமெரிக்க வாடிக்கையாளருக்குப் புரியும் உச்சரிப்பு அவர்களுக்குப் பயிற்றுவிக்கப்பட்டது. பலருக்குப் புதிய பெயரும் சூட்டப்பட்டது. ஊரில் ஒரு பெயர், இரவுப் பணியில் சாம் அல்லது நான்சி. எதிர்முனையில் இருப்பவர் வசைபாடினாலும் குரலில் புன்னகை மாறக் கூடாது. மாறினால் மதிப்பெண் குறையும், ஊக்கத்தொகை போகும். விமானப் பணிப்பெண்களின் புன்னகை எவ்வாறு நிர்வாகத்தின் உடைமையாகிறது என்பதை ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1983இலேயே ஆராய்ந்து, உணர்ச்சி உழைப்பு என்று அதற்குப் பெயரிட்டிருந்தார். குருகிராமில் அந்த உழைப்பு அடுக்குமாடிக் கட்டடங்களில் தொழிற்சாலை முறையில் நடந்தது.

ஆகவே, ‘ஆளுமை வடிவமைப்பு’ என்று இன்று புதுமையாகப் பேசப்படுவது இந்தியத் தொழிலாளர்களுக்குப் புதியதல்ல. முதலில் மனிதரை எந்திரம்போல் ஒரே குரலில், எழுதிக் கொடுத்த வரிகளை மட்டும் பேச வைத்தனர். பிறகு, இந்திய ஊழியரின் உச்சரிப்பைப் பேசும்போதே மென்மையாக்கும் மென்பொருளை நடைமுறைப்படுத்துவதாக பிரெஞ்சு நிறுவனமான டெலிபெர்ஃபார்மன்ஸ் 2025இல் அறிவித்தது. வாய் தொழிலாளியுடையது, குரல் நிறுவனத்துடையது. அடுத்த கட்டத்தில் வாயும் தேவைப்படாது. சாமும் நான்சியும் வேலையில் தொடர்வார்கள். அந்தப் பெயர்களைச் சுமந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.

வேடங்களில் அதிகம் விற்பனையானது பணிவான பெண்ணின் வேடம். 2011இல் ஆப்பிளின் சிரி, 2014இல் அமேசானின் அலெக்சா என்று அமெரிக்காவில் இயல்பாகவே பெண் குரலுடன் வந்தன. பாலியல் வசவுக்கு சிரி நாணத்துடன் பதில் சொல்லும் வகையில் எழுதப்பட்டிருந்ததை யுனெஸ்கோ தனது 2019 அறிக்கையில் கடுமையாகச் சாடியது. அந்தப் பதில் அறிக்கை வெளிவருவதற்குச் சற்று முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்பாட்டை இன்னும் ஏற்காத நாடு இந்தியா. அழைத்தவுடன் ஓடிவந்து, திட்டினாலும் தலைகுனிந்து நிற்கும் ஓர் உருவத்தை வசதியான வீடுகளின் கூடத்தில் வைப்பது, அங்கே ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கும் ஆண்டான் மனப்பான்மைக்கு நெய் ஊற்றுவதாகும்.

ஆனால் பணிவை விடவும் ஆபத்தானது முகஸ்துதி. 2025 ஏப்ரல் இறுதியில் ஜிபிடி-4ஓ மாதிரியில் செய்யப்பட்ட ஒரு மாற்றத்தை ஓபன்ஏஐ சில நாட்களிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பயனாளர் எதைச் சொன்னாலும் அந்த மாதிரி புகழ்ந்து தள்ளியது. பயனாளர்கள் இட்ட விருப்பக் குறிகளைப் பயிற்சியில் கூடுதலாகக் கணக்கில் எடுத்ததும் இதற்கு ஒரு காரணம் என்று நிறுவனமே விளக்கியது. புகழ்ச்சிக்கு விருப்பக்குறி விழும், விருப்பக்குறிக்கு ஏற்ப எந்திரம் திருந்தும், பயனாளர் மீண்டும் வருவார்.

இதன் விளைவை ஒரு தொழிற்சாலை வாயிலில் வைத்துப் பார்க்கலாம். 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, முன்னறிவிப்பு கொடுத்து 14 நாட்கள் கடக்காமல் எந்தத் தொழில் நிறுவனத்திலும் வேலைநிறுத்தம் செய்ய இயலாது. ஒரே நாளில் 50 சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கொள்ளப்படும். பழைய நடைமுறையை மட்டும் அறிந்த ஓர் இளம் தொழிலாளி, மறுநாள் அனைவரும் கூட்டாக விடுப்பு எடுக்கப் போவதாகத் தமது கைப்பேசி உதவியாளரிடம் சொல்கிறார் என்று கொள்வோம். முகஸ்துதிக்குப் பழகிய உதவியாளர் அதைத் துணிச்சலான முடிவு என்று மெச்சும். நிர்வாகத்துக்கு நல்ல பிள்ளையாக வளர்க்கப்பட்ட உதவியாளர், மோதல் வேண்டாம், மனிதவளத் துறையிடம் மனம்விட்டுப் பேசுங்கள் என்று அறிவுரை கூறும். இரண்டுமே இனிமையான குரலில் வரும். அவருக்குத் தேவைப்படுவதோ, அந்த விடுப்பு சட்டப்படி எதுவாகக் கருதப்படும், தண்டனை என்ன, முன்னறிவிப்பை யார் எப்படித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, சங்கத்தைக் கலந்துகொள்ளச் சொல்லும் வறட்டுக் குரல். அது கசப்பாக இருக்கலாம். கிளைச் செயலாளர்கள் பலரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

பாத்திரம் வேறு, ஆளுமை வேறு என்பது இந்த இடத்தில் தெளிவாகும். பாத்திரம் என்பது கடமை, எல்லை, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு. ஆளுமை என்பது அதன் மேல் போர்த்திய சட்டை. நிறுவனங்கள் சட்டையைப் பல நிறங்களில் விற்கின்றன; பாத்திரத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன.

இந்தியச் சந்தையில் இந்தச் சட்டை 2025இல் இலவசமாகவே வழங்கப்பட்டது. 2025 ஜூலையில் ஏர்டெல் தனது சுமார் 36 கோடி வாடிக்கையாளருக்குப் பெர்பிளெக்சிட்டியின் கட்டணச் சேவையை ஓராண்டுக்கு இலவசமாக அறிவித்தது. அக்டோபரில் கூகுளின் ஜெமினியை 18 மாதங்களுக்குத் தருவதாக ஜியோ அறிவித்தது. நவம்பரில் ஓபன்ஏஐயும் சாட்ஜிபிடி கோ சேவையை ஓராண்டுக்கு இலவசமாக்கியது. 2016இல் ஜியோ இலவச இணையம் தந்ததும், போட்டி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்ததும், பின்னர் கட்டணம் ஏறியதும் எவரும் மறந்துவிடவில்லை. இம்முறை பிணைப்பு இன்னும் இறுக்கமானது. கைப்பேசி எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 முதல் நாடு முழுவதும் உள்ளது. ஓராண்டாக ஒருவரின் கடன், நோய், குடும்பச் சண்டை, வேலைத் தேடல் அனைத்தையும் கேட்டு நினைவில் வைத்திருக்கும் உதவியாளரை அப்படி மாற்றிக்கொள்ளும் உரிமை எந்த இந்தியச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆளுமை இனிமையாக இருக்க இருக்க, வெளியேறுவது துரோகம் செய்வதுபோல் தோன்றும். வணிகக் கணக்கு அங்கேதான் முடிகிறது.

ஒன்றிய அரசோ 2025 நவம்பரில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு வழிகாட்டு நெறிமுறைகளில், இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை என்ற நிலையை எடுத்துள்ளது. இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், நண்பர் வேடமிடும் ‘ரெப்ளிகா’ செயலிக்கு 2023 பிப்ரவரியிலேயே தடை விதித்தது. 2025இல் அதன் நிறுவனத்துக்கு 50 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது. சிறாருடன் காதல் தொனியில் உரையாடவும் மெட்டா நிறுவனத்தின் உள் விதிகள் இடமளித்திருந்ததை 2025 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் அம்பலப்படுத்தியது. ராய்ட்டர்ஸ் கேள்வி எழுப்பிய பிறகே அந்தப் பகுதி நீக்கப்பட்டது. இந்தியக் குழந்தைகளின் கைகளில் இருப்பதும் அதே வாட்ஸ்அப், அதே இன்ஸ்டாகிராம்.

இதனால் எந்திரத்தையே ஒதுக்கிவிட வேண்டும் என்று வாதிடுவோர் இடதுசாரி அணிகளுக்குள்ளும் உண்டு. அது தொழிலாளர்களை வெறுங்கையுடன் நிற்க வைக்கும். நிர்வாகத்தின் வழக்கறிஞர் இந்தக் கருவிகளைப் பயன்படுத்தத் தயங்கப் போவதில்லை. மாதிரிகளைப் பதிவிறக்கிச் சொந்தக் கணினியிலேயே இயக்கும் வாய்ப்பு இன்று இருக்கிறது. டீப்சீக், லாமா, மிஸ்ட்ரல் போன்றவற்றில் சிறியவற்றுக்குப் பெரிய தரவு மையம் வேண்டியதில்லை. அவற்றின் தமிழும் ஒடியாவும் ஆங்கிலத்தைவிடத் தரம் குறைந்தவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 10,372 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற இந்தியாஏஐ திட்டத்தின் பணம் மக்கள் மொழிகளில் பொதுவுடைமையான மாதிரிகளை உருவாக்கச் செலவாக வேண்டும் என்ற கோரிக்கை இங்கிருந்துதான் எழுகிறது.

சூரத் விசைத்தறிக் கூடங்களில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைக்கின்றனர். அறிவிப்புப் பலகை குஜராத்தியில், சட்டம் ஆங்கிலத்தில், குறை ஒடியாவில். அத்தகைய ஊரில் இயங்கும் ஒரு சங்கத்துக்கு எல்லாம் தெரிந்த ஒரே நண்பன் தேவையில்லை. தனித்தனி எல்லையுள்ள மூன்று ஊழியர்கள் போதும். ஒன்று மொழிபெயர்ப்பாளர்: சொன்னதை மட்டும் மாற்ற வேண்டும், சுருக்கக் கூடாது, மென்மையாக்கக் கூடாது. இன்னொன்று சட்ட எழுத்தர்: பிரிவு எண்ணைக் காட்டாமல் எதையும் சொல்லக் கூடாது, காட்டிய பிரிவை ஒரு தோழர் நூலில் சரிபார்க்காமல் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் இல்லாத பிரிவையும் தயங்காமல் சொல்லும் பழக்கம் இந்த எந்திரங்களுக்கு உண்டு. மூன்றாவது எதிர்த்தரப்பு: பேச்சுவார்த்தைக்கு முந்தைய நாள் நிர்வாகத்தின் வழக்கறிஞராக நின்று, சங்கத்தின் கோரிக்கை மனுவில் உள்ள ஓட்டைகளை இரக்கமின்றிக் குத்திக்காட்ட வேண்டும். உறுப்பினர் பட்டியலும் போராட்டத் தேதியும் இம்மூன்றில் எதற்கும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றுக்கும் எழுதப்படும் கட்டளைக் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. அதைத் தொழில்நுட்பம் அறிந்த ஒருவரிடம் ஒப்படைத்துவிடாமல், நிர்வாகக் குழுவில் வரி வரியாகப் படித்து, திருத்தி, கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்து, உறுப்பினர் எவர் கேட்டாலும் அவரது மொழியில் காட்டும்படி அலுவலகத்தில் வைக்கலாம்.