கைபேசியில் அழைப்பு, கிளினிக்கில் பூட்டு!

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கக் கைபேசி ஆப் ஒன்றே போதும் என்ற பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. ஆண்களையே நேசிக்கும் இளைஞர்கள் எங்கே கூடுகிறார்கள்? பழைய நாட்களைப்போல் பஸ் நிலையத்திலும் பூங்காவிலும் அல்ல, கைபேசியில்தான். ஆகவே அங்கேயே போய்ப் பரிசோதனைக்கு அழைப்போம், ஆணுறை கிடைக்குமிடம் சொல்வோம், மாத்திரை சாப்பிட ஞாபகப்படுத்துவோம் என்கிறார்கள். யோசனை நல்லதே. நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் அழைப்பு கேட்டு வருகிறவனுக்குத் திறந்த கதவு இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

"தொழிலாளர் பத்திரிகையில் இந்த விஷயம் எதற்கு?" என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பாகாயத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்க முடியாது. 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியின் அடையாளம் தெரிந்தது நம் வேலூரில்தான். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்கப்பட்டன. பிறகு நடந்தது என்ன? கிருமி கண்டறியப்பட்ட ஏழைப் பெண்கள் பலருக்கு வைத்தியம் கிடைக்கவில்லை, காவல்தான் கிடைத்தது. சென்னை விடுதியில் அவர்கள் அடைத்து வைக்கப்பட்டார்கள். 1990இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே வெளியே வந்தார்கள். நோயைக் கண்டு பயந்தவர்கள் நோயாளியைச் சிறையிட்டார்கள். அன்று முதல் ஜனங்கள் கற்ற பாடம் ஒன்றே: "பரிசோதனைக்குப் போகாதே, போனால் மாட்டிக்கொள்வாய்!"

அந்தப் பயம் இன்னும் சாகவில்லை. 2021ஆம் ஆண்டு சர்க்கார் கண்காணிப்புக் கணக்குப்படி, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே தொற்று 3 சதவீதத்துக்கும் மேல். நாட்டின் வயது வந்தோரிடையே பொதுவாகச் சுமார் 0.2 சதவீதம். ஏன் இந்த வித்தியாசம்? இவர்கள் ஒழுக்கங்கெட்டவர்கள் என்று பழமைவாதிகள் சொல்வார்கள். அது பொய். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளிக்கும் வரையில், வெள்ளைக்காரன் 1860இல் எழுதிவைத்த 377வது பிரிவு இவர்களைக் குற்றவாளிகளாகவே வைத்திருந்தது. குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவன் டாக்டரிடம் உண்மையைச் சொல்வானா? ஒளிந்து வாழ வைத்தது சமுதாயம். ஒளிவில் வளர்ந்தது கிருமி.

இப்போது ஆம்பூர் பக்கத்துத் தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஓர் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவன் கையில் செல்போன் இருக்கிறது. ஆனால் அதைத் தம்பியும் பார்க்கிறான், அறையில் கூடத் தங்கியிருப்பவனும் பார்க்கிறான். ஆப் இங்கிலீஷில் பேசினால் அவனுக்குப் பாதி புரியாது. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையம் பகலில் திறந்திருக்கிறது. பகலில் அவன் வேலையில் இருக்கிறான். போவதானால் ஒருநாள் கூலி போகும். லீவு எதற்கு என்று மேஸ்திரி கேட்பான். "பரிசோதனை செய்துகொண்டீர்களா?" என்று ஆப் வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும். கூலியை யார் கொடுப்பது? அதற்கு ஆப்பில் பொத்தான் இல்லை!

இன்னொரு அபாயமும் உண்டு. 2018இல் கிரைண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஆப், தன்னிடம் நம்பிக்கையோடு பதிவு செய்தவர்களின் எச்.ஐ.வி. நிலையை வேறு இரண்டு கம்பெனிகளுக்கு அனுப்பிவந்தது அம்பலமாயிற்று. கண்டனம் எழுந்த பிறகே நிறுத்துவதாகச் சொன்னது. மனிதனின் அந்தரங்கம் முதலாளிக்குச் சரக்கு! இந்த மாதிரி ஆப்களின் வழியே வலைவீசி, வரவழைத்து, அடித்துப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றித் தமிழ்நாட்டிலும் செய்திகள் வந்திருக்கின்றன. அடிபட்டவன் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று போலீசுக்கும் போவதில்லை.

அப்படியானால் ஆப் வேண்டாமா? வேண்டும். மும்பையில் ஹம்சஃபர் டிரஸ்டோடு சேர்ந்து 'சலோ' என்ற 12 வார முயற்சி நடந்தது. அதில் இணையம் வழியே இளைஞர்களோடு பேசியவர்கள் அவர்களைப் போன்றவர்களே. ஆகவே பேச்சு எடுபட்டது. கருவி நல்லதுதான், ஆனால் அதன் பின்னால் நம்பத்தக்க மனிதன் நிற்க வேண்டும், அந்த மனிதனுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு சர்க்கார் நிற்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் 2025ஆம் ஆண்டு புகட்டிய பாடத்தை மறக்கலாகாது. ஹைதராபாத், கல்யாண், புனே நகரங்களில் திருநர்களுக்காக நடந்துவந்த மித்ர் கிளினிக்குகள் அமெரிக்கப் பணத்தை நம்பியிருந்தன. வாஷிங்டனில் டிரம்ப் ஒரு கையெழுத்துப் போட்டார். இங்கே கதவுகள் மூடின. நம் நாட்டு ஜனங்களின் உயிர் அன்னியனின் பேனா முனையில் தொங்குவதா? நம்மிடம் மருந்து இல்லையா? 2001இல் பன்னாட்டுக் கம்பெனிகள் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலர் வரை கேட்ட கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருகிறோம் என்று உலகுக்குச் சொன்னது இந்தியாவின் சிப்லா. 2004 ஏப்ரல் முதல் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தாம்பரம் முதல் மையங்களில் ஒன்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுக் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அது மற்றவருக்குப் பரவாது. தொற்று வருமுன் தடுக்கும் மாத்திரையும் இங்கேயே தயாராகிறது. ஆனால் தோல் தொழிலாளி அதைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நாம் கோருவது இதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதிகளில் நம்பிக்கை மையங்கள் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்க வேண்டும். தடுப்பு மாத்திரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஆப் தமிழிலும் உருதுவிலும் பேச வேண்டும், பெயர் கேட்கக்கூடாது, அதன் கணக்கு எந்தக் கம்பெனி கைக்கும் போகக்கூடாது. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், வேலைக்குச் சேர ரத்தப் பரிசோதனை கேட்பதைத் தடுக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் அதிகாரி வேண்டும் என்கிறது. எத்தனை ஷூ கம்பெனிகளில் அந்த அதிகாரியின் பெயர் சுவரில் எழுதியிருக்கிறது? தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும்.

சங்கத்துக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. கேலிப் பேச்சை நிறுத்துவோம். தோளோடு தோள் நின்று கொடி பிடித்த தோழன் தன் மனதைச் சொல்லப் பயப்படுகிறான் என்றால், அந்த வெட்கம் அவனுடையதல்ல, நம்முடையது. 1097 என்ற இலவச எண்ணைச் சங்கப் பலகையில் எழுதி வைப்போம். பயத்தை விரட்டினால் பரிசோதனைக்கு வருவான். பரிசோதனைக்கு வந்தால் பிழைப்பான்!