ஜெர்மன் மொழியியலும் நம் இலக்கண மாணவரும்

சோழவந்தான் என்றதும் வைகைக் கரையும் வெற்றிலைக் கொடிக்காலும் பலர்க்கு நினைவில் எழும். தமிழிலக்கண உலகிற்கோ அஃது அரசஞ்சண்முகனாரின் ஊர். தொல்காப்பியப் பாயிரத்திற்கென்றே ‘பாயிர விருத்தி’ என்னும் ஆராய்ச்சியுரை கண்ட பெரும்புலவர் அவர் (1868–1915). மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் அவர் விடுப்பில் சென்ற இடத்திலேதான் 1904ஆம் ஆண்டில் பாரதியார் சில திங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அத்தகைய இலக்கண மரபில் வந்த நம் மாணவர்க்கு, ஜெர்மன் மொழியியல் எட்டாக் கனியன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இன்று தமிழகத்தில் செவிலியரும் பொறியியற் பட்டதாரிகளும் ஜெர்மன் மொழி பயில்கின்றனர். அது வேலைக்கு வழிகாட்டும் கல்வி. அதிற் குறை காண்பதற்கில்லை. ஆயின், அம்மொழியையே துறையாகக் கொண்டு பல்கலைக்கழகத்தில் பயில ஒரு மாணவி விரும்பினால், “அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று வீட்டார் கேட்கின்றனர். தமிழ் இலக்கியம் பயில வந்தவர்களும் இதே வினாவைக் கேட்டே வந்தவர்கள்தாம்.

அத்துறையில் கற்பிப்பதென்ன? ஒலி, சொல், தொடர், பொருள், மொழி வரலாறு ஆகியவை. நன்னூல் கற்றவர்க்கு இவற்றுள் எது புதிது? கதைகள் தொகுத்த கிரிம் உடன்பிறந்தாருள் மூத்தவரான யாக்கோபு கிரிம், மொழிகளுக்கிடையே ஒலிகள் நெறிப்படி மாறுவதை 1822இல் விளக்கினார். ஆங்கிலத்தில் ‘ஷிப்’ என்பது ஜெர்மனில் ‘ஷிஃப்’; ‘வாட்டர்’ என்பது ‘வாஸர்’. நம் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆவதையும், ‘பல்’ ‘ஹல்லு’ ஆவதையும் அறிந்த மாணவர் இதனை நொடியில் உணர்வர். தமிழில் எட்டு வேற்றுமை கற்றவர்க்கு ஜெர்மனின் நான்கு வேற்றுமை அச்சம் தருவதில்லை. அம்மொழியின் தலைமை வாக்கியத்தில் வினைமுற்று இரண்டாம் இடத்தில் நிற்கும். சார்பு வாக்கியத்திலோ, தமிழிற்போல இறுதிக்குச் சென்றுவிடும். ஆங்கில வழியாக மட்டும் அணுகுவோர் இடர்ப்படும் இவ்விடம் நமக்குப் பழகிய பாதையே.

எதிர்த்திசையில் இப்பயணம் என்றோ தொடங்கிவிட்டது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. கார்ல் கிரவுல் 1856இல் திருக்குறளை ஜெர்மனில் தந்தார். முந்நூறு ஆண்டுகளாக அவர்கள் நம் இலக்கணத்தை ஆராய்ந்து எழுதினர். அவர்தம் இலக்கணத்தை நாம் ஆராய்ந்து தமிழில் எழுதியது எவ்வளவு? இவ்வினாவே நம்மைச் சுடவேண்டும்.

இவ்வழி எல்லார்க்கும் உரியதன்று. அங்கு இளங்கலை பயிலப் பொதுவாகச் ‘சி1’ நிலைத் தேர்ச்சி வேண்டும். ‘பி1’ முடித்தவுடன் ஏமாந்து புறப்படுதல் கூடாது. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லையெனினும், வாழ்க்கைச் செலவு பெரிது. கடன்பட்டுச் செல்வதற்கு முன், ஐதராபாத்திலும் தில்லியிலும் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களின் ஜெர்மன் துறைகளை நாடுதல் நன்று. ஆசிரியப்பணி, மொழிபெயர்ப்பு, அகராதிப்பணி, கணினி மொழியியல் என வாய்ப்புகள் உள. அவை பொறுமையுடையோர்க்கே கிட்டும்.

தமிழ்த்துறை செய்யத்தக்கது ஒன்றுண்டு. இலக்கணத்தை மனப்பாடப் பொருளாக நிறுத்தாமல், பிறமொழியோடு ஒப்பிட்டு ஆராயும் பயிற்சியாக ஆக்குக. வேற்றுமையியலைக் கற்பிக்கும் நாளில், ஜெர்மனின் நான்கு வேற்றுமையையும் கரும்பலகையில் எழுதுக. அஃதொன்றே ஒரு மாணவரின் கண்ணைத் திறந்துவிடக் கூடும்.

பெற்றோர் பெருமக்களே! உங்கள் பிள்ளை மொழி பயில விரும்பினால், “என்ன கிடைக்கும்?” என்பதோடு “எதனை அறிவாய்?” என்றும் கேளுங்கள். பாயிரம் ஒன்றற்கே தம் உழைப்பை ஈந்த புலவர் பிறந்த மண்ணில், இலக்கணம் வீண் என்னும் சொல் எழவேண்டா.