ஒரு கதவும் ஒரு கடிதமும்



விமானச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காத குழந்தை உண்டா? இன்று ஒரு விமானத்தின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1960-களில் பயணிகள் விமானத்துக்குள் பஸ்ஸில் இருப்பதுபோல் நடுவே ஒரே ஒரு நடைவழிதான் இருந்தது. பயணிகள் பெருகப் பெருக, இரண்டு நடைவழிகள் கொண்ட அகலமான விமானங்களைச் செய்யத் தொடங்கினார்கள். 1970 ஜனவரியில் போயிங் 747 பயணிகளை ஏற்றிப் பறந்தது. 1971 ஆகஸ்டில், அமெரிக்காவின் மெக்டொனல் டக்ளஸ் நிறுவனம் செய்த டி.சி.-10 சேவைக்கு வந்தது.

இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள். மூன்றாவது எஞ்சின் வாலின் அடிப்பகுதியில். மேல் தளத்தில் பயணிகள். அவர்கள் காலுக்குக் கீழே சரக்கு அறை. பார்க்கவே கம்பீரமாக இருக்கும்.

உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடும் என்று படித்திருப்பீர்கள். பயணிகள் மூச்சுவிட வேண்டுமே! அதற்காக விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புவார்கள். ஊதிய பலூனைப் போல, உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உட்பக்கமாகத் திறக்கும் கதவு என்றால், அந்தக் காற்றே அதை அழுத்தி மூடி வைக்கும். ஆனால் டி.சி.-10-இன் சரக்கு அறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. உள்ளே சாமான் வைக்க இடம் மிச்சமாகும் என்று அப்படிச் செய்தார்கள். அதைப் பிடித்து வைத்தவை கொக்கிகளும் பூட்டும்தான். குறை அங்கேதான் இருந்தது. கொக்கிகள் முழுதாக மாட்டாமலே, கதவு மூடிக்கொண்டதுபோல் தோன்றிவிடும்!

1972 ஜூன் 12. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து ஒரு டி.சி.-10 கிளம்பியது. சுமார் 12,000 அடி உயரத்தில் பின்பக்கச் சரக்குக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. கீழறையின் காற்று நொடியில் வெளியேற, மேலே இருந்த காற்று தரையை அழுத்தி உடைத்தது. வாலை இயக்கும் கம்பிகள் அந்தத் தரையை ஒட்டித்தான் ஓடின. அவற்றில் சில அறுந்தன, சில சிக்கிக்கொண்டன.

விமானி பிரைஸ் மெக்கார்மிக் கலங்கவில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தை ஓட்ட முடியுமா என்று, முன்பே தரையில் சிமுலேட்டரில் பழகிப் பார்த்திருந்தார். அந்தப் பயிற்சி கைகொடுத்தது. 67 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

பதினைந்தே நாளில் டேன் ஆப்பிள்கேட் என்ற பொறியாளர் தம் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். விமானத்தின் உடலைச் செய்துகொடுத்த கன்வேர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். இந்தக் கதவு இனியும் திறந்துகொள்ளும், ஒரு நாள் விமானமே போய்விடும் என்று எச்சரித்திருந்தார். என்ன பயன்? திருத்தும் செலவு யார் தலையில் விழும் என்ற யோசனையில் கடிதம் மேலே போகாமல் நின்றுவிட்டது. அரசு அதிகாரிகளும் கட்டாய உத்தரவு போடாமல், நிறுவனத்தின் வாக்கை நம்பிவிட்டார்கள்.

1974 மார்ச் 3. பாரிஸிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய துருக்கி நாட்டு டி.சி.-10-இல் அதே கதவு பிய்த்துக்கொண்டது. அதில் இருந்த 346 பேரும் இறந்தார்கள். விசாரித்தபோது தெரிந்தது என்ன தெரியுமா? கதவைத் திருத்தியாகிவிட்டது என்று ஏட்டில் எழுதியிருந்தார்கள். ஆனால் விமானத்தில் அந்த வேலை முழுதாக நடக்கவில்லை! கதவில் எழுதியிருந்த குறிப்புகளோ, அதை மூடிய தொழிலாளிக்குப் படிக்கத் தெரியாத மொழிகளில் இருந்தன. அவரைக் குற்றம் சொல்லி என்ன லாபம்?

அதன் பிறகே பூட்டு மாற்றப்பட்டது. கீழறையில் காற்று போனாலும் தரை உடையாதபடி காற்றுப் போக வழிகள் வைக்கப்பட்டன. அந்தக் கதவால் டி.சி.-10-க்கு மீண்டும் அப்படி ஒரு விபத்து நேரவில்லை. 2014-இல் வங்கதேசத்தின் பிமான் நிறுவனம் அதைப் பயணிகள் சேவையிலிருந்து நிறுத்தும்வரை அது பறந்தது. செய்ய முடிந்த திருத்தம்தான். இரண்டு ஆண்டுகள் முன்னால் செய்திருந்தால் 346 பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

குழந்தைகளே, வகுப்பில் மின்விசிறி ஆடுகிறதா? சுவிட்சைத் தொட்டால் சுரீர் என்கிறதா? பள்ளி வேனின் கதவு சரியாகத் தாழ்ப்பாள் விழவில்லையா? "நமக்கு எதற்கு வம்பு" என்று இருந்துவிடாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள், அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். ஒருமுறை சொல்லிக் கேட்கவில்லையா? மறுபடி சொல்லுங்கள். சரியாகும்வரை விடாதீர்கள்.

நாளை நீங்களும் பொறியாளராக, அதிகாரியாக ஆவீர்கள். அப்போது உங்கள் மேஜைக்கும் இப்படி ஒரு கடிதம் வரும். அதை ஓரமாக வைத்துவிடாமல், அன்றே எழுந்து போய்க் கதவைப் பாருங்கள்!